லூசில் என்று இங்கு யாரும் இலை

காப்பர் வாஷ் முகாம், அரிசோனா
நவம்பர் 9

அன்புள்ள ஓபல் அக்காவுக்கு,

உன் தம்பி ரே எழுதுவது. யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது என்று நினைத்துக் கீழே வைத்துவிடாதே. நான்தான். பென்சிலைப் பிடித்திருப்பதும் என் கைதான். இந்த நான்கு வரிக்கே மதியம் ஆகிவிட்டது. காபியும் ஆறிவிட்டது.

நான் நலம். முதுகு மட்டும் காலையில் என்னைவிடத் தாமதமாக எழுந்திருக்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? காது இன்னும் மோசமா? தொலைபேசியில் நான் கத்துவதும் நீ "யாரு? யாரு?" என்பதும் இனி வேண்டாம். இனிமேல் எழுதலாம்.

எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று கேட்பாய். போன குளிர்காலம் இங்கே வந்ததும் வண்டிவீட்டின் கழிவுத் தொட்டியைக் கொட்டப் போனேன். அங்கே இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்று குடிக்கிற தண்ணீர், மற்றது கழிவுக் குழாயைக் கழுவுகிற தண்ணீர். இத்தனை வருடமும் இடது பக்கம் குடிதண்ணீர். போன வருடம் மாற்றிவிட்டார்கள். பலகையில் எழுதியும் வைத்தார்கள். எனக்குத்தான் அது தெரியாதே. இடது குழாயில் ரப்பர் குழாயை மாட்டினேன். அடுத்த வண்டியிலிருந்து ஒரு சத்தம்.

"யோவ் ரே! அதையா குடிக்கப் பிடிக்கிற? தலைக்கு மேல இவ்ளோ பெருசா எழுதி வெச்சிருக்கான்ல!"

அவள் வாண்டா. கனடாவின் மனிடோபாவிலிருந்து குளிருக்குத் தப்பி ஒவ்வொரு வருடமும் இங்கே வருகிறவள். கணவன் பெயர் ஸ்டான்.

"கண்ணாடிய வண்டியிலயே விட்டுட்டேன் வாண்டா," என்றேன். ஆயுள் முழுக்கச் சொன்ன பதில்.

அவள் தன் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டினாள். "இப்பப் படி."

எழுத்துகள் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாகின, அக்கா. ஆனாலும் ஒன்றும் என்னோடு பேசவில்லை.

"நல்ல நீலப் பெயிண்டு," என்றேன்.

அவள் கண்ணாடியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "முப்பது வருஷம் பஸ் ஓட்டினவ நான். படிக்கத் தெரியாதவங்க பஸ்ஸப் பார்க்குற பார்வை எனக்குத் தெரியாதா? காலையில காபி குடிச்சிட்டு வா. பென்சில் நான் தர்றேன்."

அப்படித்தான். சூப் டப்பாக்களை வைத்து ஆரம்பித்தோம். கோடையில் மலைப்பக்கம் போனபோது ஒரு பழைய செய்தித்தாளையே மூன்று மாதம் படித்தேன். இப்போது ஒரு பலகையையும் விடுவதில்லை. "பாம்பு கவனம்" என்று ஒன்று இருக்கிறது. அதன் கீழேதான் நான்கு வருடமாக உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா, ஒரு காரியத்துக்காகத்தான் இத்தனை பாடும். என் மகள் டார்லா என்னோடு பேசி நான்கு வருடம் ஆகிறது. அவள் அம்மா நெல்டா செத்த அந்த வருடக் கிறிஸ்துமஸோடு நின்றது. என் குரலைக் கேட்டாலே தொலைபேசியை வைத்துவிடுவாள். பிறகு எண்ணையும் மாற்றிவிட்டாள். நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. கடிதம் என்றால் பாதியில் வைத்துவிட முடியாது அல்லவா? முதலில் உனக்கு எழுதிப் பழகுகிறேன். அவளுடைய புது விலாசத்தை அனுப்பு. ஏப்ரல் நடுவில் எல்லோரும் இந்த நிலத்தைக் காலி செய்ய வேண்டும். அதுவரை இங்கேதான் இருப்பேன். அதன்பின் எங்கே என்று எனக்கே தெரியாது.

பிழைகளை வாண்டா சிவப்புப் பென்சிலால் காட்டினாள். திருத்தியது நான்.

உன் தம்பி,
ரே

மஸ்கோகி, ஓக்லஹோமா
நவம்பர் 28

தம்பி ரேக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை நம்பவில்லை. இரண்டாம் முறை அழுதேன். மூன்றாம் முறை உன் எழுத்தைப் பார்த்துச் சிரித்தேன். நம் அப்பா உன்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திப் பருத்தி எடுக்க அனுப்பிய அன்று நான் வாசலில் நின்று பார்த்தது நினைவுக்கு வந்தது. வாண்டா என்ற அந்த அம்மாளுக்கு என் நன்றியைச் சொல்.

உனக்காக எழுத்துகளைத் தனித்தனியாக எழுதுகிறேன். எனக்குச் சேர்த்து எழுதித்தான் பழக்கம். முழங்கால் மழைக்கு முன்னால் வலிக்கிறது. காது கேட்காததில் சில நன்மைகளும் உண்டு. பாதிரியாரின் பிரசங்கம் சுருங்கிவிட்டது.

டார்லா நலமாக இருக்கிறாள். அமரில்லோவிலேயே வேறு வீட்டுக்கு மாறியிருக்கிறாள். விலாசம் தரும் உரிமை எனக்கு இல்லை. அதற்கு மேல் கேட்காதே.

உன்னோடு இருப்பவளையும் விசாரித்ததாகச் சொல். இத்தனை நாள் விசாரிக்காதது என் பக்கத்துக் குறைதான். அவள் சுகமாக இருக்கிறாளா?

அக்கா,
ஓபல்

காப்பர் வாஷ் முகாம்
டிசம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் வணக்கம். உன் கடிதத்தை ஊர்த் தபால் நிலையத்திலேயே நின்று படித்தேன். பின்னால் நின்றவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். முழங்காலுக்குச் சூடான மணல் மூட்டை வைத்துப் பார். இங்கே மணலுக்குப் பஞ்சமில்லை.

என்னோடு இருப்பவளை நீ விசாரித்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம்! அவளைப் பற்றி யார் சொன்னார்கள்? அவள் பெயர் மேபெல். நல்ல சுகம். வயதாகிறது, கொஞ்சம் பருத்துவிட்டாள். படுத்தால் குறட்டைதான். வெயில் காலத்தில் முடியை ஒட்ட வெட்டிவிட்டேன், கோபித்துக்கொண்டு இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. போன வாரம் பக்கத்து வண்டியில் கறி வாசனை வந்ததும் கேட்காமல் உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டாள். எனக்கு ஒரே வெட்கம். ஆனாலும் அவள் இல்லாவிட்டால் நெல்டா போன பின் நான் என்ன ஆகியிருப்பேனோ.

குள்ளநரி ஊளையிட்டால் வாலைக் காலுக்கு இடையில் செருகிக்கொண்டு என் போர்வைக்குள் வந்துவிடுவாள். நாயாய்ப் பிறந்து இவ்வளவு பயம் கூடாது என்று சொல்வேன்.

டார்லா விஷயம். நீ விலாசம் தராதது எனக்கு வருத்தம்தான், மறைக்க மாட்டேன். அவள் நலமாக இருக்கிறாள் என்ற ஒரு வரியை மட்டும் பல முறை படித்தேன். காரணமாவது சொல்லக் கூடாதா? தப்பு என் மேல் என்றால் என்ன தப்பு என்று தெரிந்தால்தானே மன்னிப்புக் கேட்க முடியும்?

சனிக்கிழமை எல்லோரும் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிட்டோம். நான் பீன்ஸும் சோள ரொட்டியும். மினசோட்டாவிலிருந்து வரும் மார்ஜ் வழக்கம்போல என் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டாள். எனக்கு மட்டும் ஒரு பாத்திரம் நிறைய கறியும் உருளைக்கிழங்கும் கொடுத்து, என் தோளைத் தட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு டிசம்பரிலும் இப்படித்தான் செய்கிறாள். நல்ல பெண்மணி. ஏன் அழுகிறாள் என்றுதான் தெரியவில்லை.

உனக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

தம்பி,
ரே

மஸ்கோகி
டிசம்பர் 30

ரே,

நான் இருக்கிறேன். உடம்பு பற்றிப் பிறகு.

மேபெல் நாய் என்பது எனக்கு மூன்றாவது பத்தியில்தான் தெரிந்தது. அதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு பெண்ணின் முடியை ஒட்ட வெட்டினாயாம், சொல்லாமல் அடுத்த வீட்டில் புகுந்து சாப்பிட்டாளாம். கோபத்தில் எழுத்தைச் சேர்த்துச் சேர்த்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

நான் கேட்டது நாயை அல்ல. நீ கட்டிக்கொண்ட புது மனைவியை. நெல்டாவின் கல்லறையில் புல் முளைப்பதற்கு முன்பே நீ கல்யாணம் செய்துகொண்டது எனக்குத் தெரியும். ஒருத்தி தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்து சொன்னாள். யார் என்று கேட்காதே, சத்தியம் வாங்கியிருக்கிறாள். நீயாகச் சொல்வாய் என்று நான்கு வருடம் காத்திருந்தேன். தனிமை பொல்லாதது, எனக்கும் தெரியும். கல்யாணம் செய்ததற்காக நான் கோபப்படவில்லை. மறைத்ததற்காகத்தான்.

இப்போதாவது உண்மையைச் சொல்.

ஓபல்

காப்பர் வாஷ் முகாம்
ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குக் காரணம் உன் கோபம்தான். நீ சேர்த்து எழுதியதில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கயிறு சிக்கிக்கொண்டது போல இருந்தது. நான் தனித்தனி எழுத்துத்தான் கற்றிருந்தேன். வாண்டா, "குடு, நான் படிக்கிறேன்" என்றாள். தரவில்லை. என் அக்கா எனக்கு எழுதியதை நான்தான் படிப்பேன் என்றேன். "அப்ப சேத்து எழுதுறதையும் கத்துக்கோ, கழுதை" என்று ஆரம்பித்தாள். இரண்டு வாரம் ஆயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை உன் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டேன். படித்து முடித்ததும், எனக்கு இன்னும் படிக்கத் தெரியவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். புது மனைவியா? எனக்கா? அக்கா, நெல்டாவின் பெயரால் சொல்கிறேன். நான் யாரையும் கட்டவில்லை. உன்னிடம் சொன்னவள் யாரையோ பார்த்திருக்கிறாள்.

இவ்வளவுதான் எழுதியிருந்தேன். அதன்பின் நடந்ததைக் கேள்.

இங்கே ஒவ்வொரு வண்டிவீட்டின் முன்னாலும் மரப்பலகையில் பெயரும் ஊரும் செதுக்கித் தொங்கவிடுவது வழக்கம். பெரும்பாலும் சேர்த்து எழுதிய எழுத்துதான். எனவே வாண்டா என்னை வரிசை முழுக்க நடத்திச் சென்று ஒவ்வொன்றாகப் படிக்க வைத்தாள். "டேல், மார்ஜ். மினசோட்டா. வேலையை விட்டாச்சு, எழுப்பாதீர்கள்." சத்தமாகப் படித்தேன். அவர்கள் உள்ளேயிருந்து கை தட்டினார்கள். "ஸ்டான், வாண்டா. வண்டி அவனுடையது, வழி அவளுடையது." இப்படியே வந்து என் வண்டிக்கு வந்துவிட்டோம்.

என் பலகையை நான் படித்ததே இல்லை. என்ன எழுதியிருக்கிறது என்றுதான் எனக்குத் தெரியுமே! நெல்டா போன பிறகு முதன்முதலாக இந்த முகாமுக்குத் தனியாக வந்தபோது, ஊர்ச் சந்தையில் பழைய சாமான்களுக்கு நடுவே வாங்கினேன். மூலையில் ஒரு பறவை செதுக்கியிருக்கும். அதைவிட முக்கியம், அதில் என் பெயர் இருந்தது. கையெழுத்துப் போட நெல்டா சொல்லிக்கொடுத்த அந்த மூன்று எழுத்து வடிவம் மட்டும் எனக்கு எங்கே பார்த்தாலும் தெரியும். மற்றது "நல்வரவு" என்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வேறு என்ன எழுதுவார்கள்?

வாண்டா என் கையைப் பிடித்தாள். "ரே, இதை விட்டுடு. அடுத்ததுக்குப் போலாம்."

"ஏன்? என் பேரு இல்லியா? இருக்கட்டும்." படித்தேன். "ரே... லூ... சில். லூசில். புதுமணத்... தம்பதி."

அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள்.

"வாண்டா, யாரு இந்த லூசில்?"

"என்னது?"

"லூசில்னு போட்டிருக்கே. யாரு?"

"யோவ், உன் பொண்டாட்டிய என்கிட்ட கேக்குற?"

"என் பொண்டாட்டி பேரு நெல்டா!"

அக்கா, அவள் அப்படியே சரளைக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "நாலு வருஷம்! நாலு வருஷமா லூசில் பேச்ச எடுத்தா உன் மனசு புண்படும்னு வாய மூடிக்கிட்டு இருக்கோம்! கல்யாணமான மாசமே செத்துப்போய்ட்டா பாவம்னு முகாமே நம்புது!"

மார்ஜ் சத்தம் கேட்டு ஓடிவந்தாள். விஷயம் தெரிந்ததும் முதலில் அழுதாள், பிறகு இடுப்பில் கை வைத்தாள். "அப்போ நான் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குடுத்த பாத்திரம்? அது எதுக்கு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு மார்ஜ்," என்றேன். "நிறுத்திடாத."

இங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. அதுதான் இந்த இடத்து மரியாதை. எல்லோரும் எதையோ விட்டுவிட்டு வந்தவர்கள். அந்த மரியாதையில் நான் நான்கு வருடம் பெண்டாட்டி செத்த புதுமாப்பிள்ளையாக இருந்திருக்கிறேன்.

வாண்டா அந்தப் பலகையைச் சனிக்கிழமை நெருப்பில் போட வேண்டும் என்கிறாள். எனக்கும் சரி என்றே படுகிறது. உன் உடம்பைப் பற்றி எழுது.

ஒரே ஒரு மனைவியைக் கட்டிய தம்பி,
ரே

மஸ்கோகி
ஜனவரி 27

ரே,

தபால்காரர் நிற்கிறார், அதனால் சுருக்கமாக. பலகையை எரிக்காதே. எரித்திருந்தால் எனக்குச் சொல்லாதே. எரிக்கவில்லை என்றால் எங்கே தொங்கியதோ அங்கேயே தொங்கட்டும்.

முதல் கிறிஸ்துமஸுக்கு முன்பே அதை மாட்டிவிட்டாயா? உன் பக்கத்து நாற்காலியில் சிவப்புத் தலைமுடிக்காரி யாராவது உட்காருவது உண்டா?

இரண்டுக்கும் உடனே பதில் போடு.

ஓபல்

காப்பர் வாஷ் முகாம்
பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன், நீதான் எழுதவில்லையே.

பலகை எரியவில்லை. ஆனால் ஒரு மாற்றம் செய்துவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள், ஸ்டானிடம் மரத்தைச் சுட்டு எழுதும் கம்பி ஒன்று இருந்தது, வாங்கினேன். எரிப்பதற்குப் பதிலாகப் பலகையின் கீழே நானே ஒரு வரி எழுதினால் என்ன என்று தோன்றியது. வாண்டா உதவிக்கு வந்தாள். நான் விடவில்லை. ஒரு முழுக் காலை ஆயிற்று. "லூசில் என்று இங்கு யாரும் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். மரத்தில் எழுதினால் அழிப்பான் கிடையாது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எழுதினேன். முகாமில் எல்லோரும் வந்து பார்த்து, "பிரமாதம் ரே, பிரமாதம்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். மார்ஜ் படம் எடுத்தாள்.

உன் கேள்விகளுக்கு: ஆம், முதல் கிறிஸ்துமஸுக்கு முன்பே மாட்டிவிட்டேன். நவம்பரில் வாங்கினேன். சிவப்புத் தலை என்றால் வாண்டாதான். அந்தச் சிவப்பு சாயப் புட்டியில் வருவது. நாங்கள் இருவரும் மத்தியானம் டோமினோக் கட்டைகள் வைத்து ஆடுவோம். ஸ்டான் அந்த நேரத்தில் வண்டிக்குள் தூங்குவான். அவளிடம் இதைச் சொன்னேன். "நானா லூசில்? அம்பது வருஷம் கழிச்சு எனக்கு இப்படி ஒரு பதவியா?" என்று ஸ்டானை எழுப்பிச் சொன்னாள். ஸ்டான், "வாழ்த்துக்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

அக்கா, நீ ஏன் இதைக் கேட்டாய்? எனக்குப் படிக்கத்தான் தாமதமாக வந்தது, யோசிக்க வரும். இங்கே வந்து என்னைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனது யார்?

பதில் எழுது.

ரே

காப்பர் வாஷ் முகாம்
மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதி நெடுநாள் ஆகிவிட்டது. ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் தபால் நிலையத்தில் கேட்கிறேன். அங்கிருக்கும் பெண் இப்போது நான் உள்ளே நுழையும்போதே தலையை ஆட்டிவிடுகிறாள். முழங்கால் மோசமாகிவிட்டதா? கீழே விழுந்துவிட்டாயா? நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? பழகாத கை, சொல் எங்கேயாவது கோணலாகப் போயிருந்தால் மன்னித்துவிடு.

இங்கே வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. பாலோ வெர்டே மரங்கள் மஞ்சளாகப் பூத்துவிட்டன. போன வாரம் ஒரு புழுதிக்காற்று. ஸ்டானின் பந்தல் துணி கிழிந்து பறந்தது. என் பலகையும் கயிறு அறுந்து போய்விட்டது. நீ கழற்றக் கூடாது என்று சொன்னாயே என்று எனக்குப் பதற்றம். முகாமே வாய்க்குத் துணியைக் கட்டிக்கொண்டு "லூசிலைக் காணோம், லூசிலைக் காணோம்" என்று தேடியது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கள்ளிச்செடியில் மாட்டியிருந்தது. பழைய இடத்திலேயே கம்பி போட்டுக் கட்டிவிட்டேன்.

மினசோட்டாக்காரர்கள் நாளை புறப்படுகிறார்கள். வரிசை காலியாகிறது. எனக்கும் இன்னும் ஒரு மாதம்தான். அதற்குப் பிறகு நீ எழுதினாலும் எங்கே எழுதுவாய்?

யார் வந்தது என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். பெயரை மட்டும் எழுத முடியவில்லை. எழுத்து தெரியாததால் அல்ல.

உன் தம்பி,
ரே

மஸ்கோகி
மார்ச் 26

என் அன்புத் தம்பிக்கு,

நான் விழவில்லை. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் கடிதத்தில் ஒரு சொல்லும் கோணல் இல்லை. எழுதாததற்குக் காரணம், என் சத்தியத்திலிருந்து என்னை விடுவிக்க வேண்டியவள் இன்னொருத்தி. அவள் நேற்றுத்தான் விடுவித்தாள். இதோ, உனக்காக மறுபடி தனித்தனியாக எழுதுகிறேன். நிதானமாகப் படி.

நெல்டா போன அந்தக் கிறிஸ்துமஸுக்கு டார்லா உன்னைப் பார்க்க அங்கே வந்தாள். உன்னிடம் சொல்லாமல் வந்து மகிழ்விக்க நினைத்திருந்தாள். நெல்டா செய்யும் எலுமிச்சை கேக்கை முதல் தடவையாகத் தானே செய்து மடியில் வைத்துக்கொண்டு வந்தாளாம். முகாமுக்குள் மெதுவாக வண்டியை ஓட்டிக்கொண்டு ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டே வந்தாள். உன் பெயர் இருந்த பலகையில் புதுமணத் தம்பதி என்று இருந்தது. அதன் கீழே நீ ஒரு சிவப்பு முடிக்காரியோடு உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாய். அவள் வண்டியை நிறுத்தவே இல்லை. அம்மா போய் எட்டு மாதம்கூட ஆகவில்லை. நேரே என்னிடம் வந்தாள். சமையலறையில் நின்றுகொண்டே சொன்னாள். கேக்கை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். ஒருவரும் அதை வெட்டவில்லை.

நானும் நம்பினேன் ரே. உனக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். பலகையில் என்ன எழுதியிருந்தது என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. நீ வாங்கும்போது கடைக்காரன் படித்துச் சொல்லியிருப்பான் என்றாவது ஒரு நாள் யோசித்திருந்தால் பரவாயில்லை, அதைக்கூட யோசிக்கவில்லை.

டார்லாவுக்கோ முதல் பாதியே தெரியாது. நெல்டாவும் நீயும் அவ்வளவு நன்றாக மறைத்திருக்கிறீர்கள். போன மாதம் அவளை வரவழைத்துச் சொன்னேன். "அத்தை, அப்பா தினம் பேப்பர் படிப்பாரு, நானே பாத்திருக்கேன்" என்றாள். "தலைகீழா பிடிச்சிருந்தாரான்னு பாத்தியா?" என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போய்விட்டாள். உன் கடிதங்கள் அத்தனையையும் கட்டி அவளுக்கு அனுப்பிவைத்தேன். அதனால் திரும்பப் படிக்க என்னிடம் ஒன்றுகூட இல்லை. நேற்று அவளிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: "சொல்லிவிடுங்கள் அத்தை."

வருவாளா என்று எனக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை. ஆனால் நீ கடைசி நாள்வரை இடத்தை விட்டு நகராதே. பலகையும் நகரக் கூடாது. அவளுக்குத் தெரிந்த அடையாளம் அது ஒன்றுதான்.

உன் அக்கா,
ஓபல்

காப்பர் வாஷ் முகாம்
ஏப்ரல் 13

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. பென்சிலை எடுத்தேன், வைத்தேன். மேபெல் மட்டும் பக்கத்தில் இருந்தாள்.

வரிசை முழுக்கக் காலி. நேற்றுவரை நானும் வாண்டாவும் ஸ்டானும்தான் மிச்சம். அவர்கள் போன வாரமே போயிருக்க வேண்டும். டயர் சரியில்லை என்று வாண்டா சொன்னாள். டயருக்கு ஒன்றும் இல்லை, நான் பார்த்தேன். கேட்கவில்லை.

நேற்று காலை தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். தூரத்தில் புழுதி தெரிந்தது. ஒரு கார் நடக்கிற வேகத்தில் வந்தது. பலகைகளே இல்லாத வரிசையில் யாரோ பலகை தேடுவது போல. டோமினோக் கட்டைகளை எடுத்துக்கொண்டிருந்த வாண்டா, "ஸ்டான், எழுந்திரு" என்றாள். அவன் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தான்.

கார் என் முன்னால் நின்றது. டார்லா இறங்கினாள். தலையில் கொஞ்சம் நரை, அக்கா. நீ அதைச் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவில்லை, நேரே பலகைக்கு முன்னால் போய் நின்றாள். மேலிருந்து கீழே படித்தாள். என் வரிக்கு வந்ததும் குனிந்து, சுட்ட எழுத்துகளை விரலால் தடவினாள்.

"அப்பா."

"சொல்லும்மா."

"இது நீ எழுதினதா?"

"நானேதான்."

"'லூசில் என்று இங்கு யாரும் இலை.'" தலை நிமிராமல் படித்தாள். "ஒரு எழுத்து விட்டுப்போச்சுப்பா. இலைன்னு எழுதியிருக்க. பாலைவனத்துல ஏதுப்பா இலை?"

போய்ப் பார்த்தேன். உண்மைதான். இரண்டு மாதமாக முகாமே வந்து பார்த்தது, முதுகில் தட்டியது, படம் எடுத்தது. ஒருவரும் சொல்லவில்லை. வாண்டாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"உன் மனசு புண்படும்னு..." என்று ஆரம்பித்தாள்.

அவ்வளவுதான். டார்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பாதியில் அழுகையாக மாறி, மறுபடி சிரிப்பானது. ஈரக் கையோடு நின்ற என்னை அப்படியே பிடித்துக்கொண்டாள். "ஸ்கூல் ரிப்போர்ட்ட நீட்டுனா கண்ணாடி இல்ல, அம்மாகிட்ட காட்டும்பியே. உனக்குக் கண்ணாடியே கிடையாதேப்பா. எனக்கு அது ஒரு நாள்கூடத் தோணலியே."

"தோணக் கூடாதுன்னுதான் உங்கம்மா அவ்ளோ கஷ்டப்பட்டா."

"அந்தக் கிறிஸ்துமஸ் நான் வண்டிய நிறுத்தியிருந்தா..."

"இப்ப நிறுத்திட்டல்ல," என்றேன். வேறு என்ன சொல்வது?

வாண்டா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "கண்ணு, நான்தான் லூசில். இவன் எனக்கு டோமினோல தோத்த கணக்கு இன்னும் தீரல. கல்யாணம்லாம் அதுக்கப்புறம்தான்."

டார்லா அவளைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

கேக் கொண்டுவந்திருந்தாள். எலுமிச்சைதான். நெல்டாவுடையதைவிடக் கொஞ்சம் புளிப்பு. ஐந்து பேரும் சாப்பிட்டோம். மேபெலையும் சேர்த்துத்தான், அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை.

சாயங்காலம் டார்லா ஸ்டானிடம் கம்பியை வாங்கினாள். என் எழுத்துகளுக்கு நடுவில் இடமே இல்லை. ஆனாலும் எப்படியோ ஒரு சின்ன "ல்" எழுத்தை நுழைத்துவிட்டாள். எறும்பு அளவுதான் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் தெரியும்.

மனிடோபாக்காரர்கள் இன்று காலை கிளம்பினார்கள். டயர் ஒரே இரவில் சரியாகிவிட்டது. நாளை நாங்கள் புறப்படுகிறோம். முதலில் அமரில்லோ. டார்லாவின் வீட்டுப் பின்பக்கம் என் வண்டிவீட்டை நிறுத்த இடம் இருக்கிறதாம். பிறகு எல்லோருமாக உன்னைப் பார்க்க வருகிறோம், முழங்காலைத் தயாராக வை. உன் மேஜையில் ஒரு கேக் கடன் இருக்கிறது என்கிறாள். பலகையைக் கழற்றி வண்டிக்குள் வைத்துவிட்டேன். நவம்பரில் மறுபடி மாட்டுவேன்.

வீட்டில் எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் இப்போது மூன்று பேர்.

உன் தம்பி,
ரே

அத்தை, இந்தக் கடிதத்தில் நான் ஒரு பிழைகூடத் திருத்தவில்லை. திருத்த ஒன்றும் இருக்கவில்லை. டார்லா.